டிஸ்கஸ் மீனும் மங்களூர்க் கிணற்று நீரும்

வண்ண மீன் கடைக்குப் போகிறவர்கள் எல்லாத் தொட்டிகளையும் பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்கும் இடம் டிஸ்கஸ் தொட்டி. சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தியது போன்ற வட்ட உடல். நீலமும் சிவப்பும் கலந்த கோடுகள். அவசரமில்லாமல் அசையும் துடுப்புகள். பின்னணியில் பச்சைச் செடிகள் இருந்துவிட்டால் அழகு இரட்டிப்பாகிறது. விலையைக் கேட்டதும், இதை நாமே வளர்த்து விற்றால் என்ன என்ற எண்ணம் கிராமத்து இளைஞருக்கு எழுவதில் வியப்பில்லை.

எண்ணம் தவறானதல்ல. ஆனால் கழுத்து நகையை அடகு வைத்துத் தொட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த மீனைப் பொறுத்தவரை இலாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்தப் பாட்டிலுக்குள்தான் இருக்கின்றன.

மங்களூர் என்றவுடன் கர்நாடகக் கடற்கரை நகரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விருத்தாசலத்துக்கு அப்பால் இருக்கும் மங்களூர் ஊராட்சி ஒன்றியம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி. வெலிங்டன் ஏரிப் பாசனம் கிடைக்கும் சில ஊர்கள் போக, மற்றவை மழையையும் கிணற்றையும் நம்பியிருக்கின்றன. இப்படிப்பட்ட பகுதியில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு, குறைந்த நீரில் வீட்டுக் கொல்லையிலேயே நடத்தக்கூடிய உபதொழில் ஒன்று அமைந்தால் நல்லதுதான். சென்னையில் உள்ள கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் வண்ண மீன் உற்பத்தி குடும்பத் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா என்றால், முடியும். எந்த மீனை, எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

அமேசான் தந்த குணம்

டிஸ்கஸின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. 1840இல் ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் ஹெக்கல் இம்மீனை முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்தார். அது வாழும் நீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறை பாதி விளங்கிவிடும். காட்டு இலைகள் ஊறித் தேநீர் நிறம் ஏறிய நீர், சுண்ணாம்பு உப்புகள் மிகக் குறைந்த மென்னீர், சற்றே அமிலத் தன்மை, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு. இன்று சந்தைக்கு வரும் டிஸ்கஸ் பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவை அல்ல. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலும் நம் நாட்டிலும் பண்ணைகளில் பிறந்தவை. பல தலைமுறை பண்ணையில் பிறந்ததால் ஓரளவு கடின நீரிலும் இவை வளர்கின்றன. வளர்வது வேறு, முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வேறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

நீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் மிகுந்தால் முட்டையின் மேலுறை கெட்டிப்பட்டுக் கருவுறுதல் குறைந்துவிடும். ஜோடி மீன் முட்டையிடும். மறுநாளே முட்டைகள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துப் போகும். வளர்ப்பவர் மீனைக் குறை சொல்வார், விற்றவரைக் குறை சொல்வார், மருந்து வாங்கி ஊற்றுவார். குறை பெரும்பாலும் நீரில் இருக்கும்.

பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் முறை

பாசன நீர் பரிசோதனைச் சீட்டு விவசாயிகளுக்குப் புதிதல்ல. அதில் மின் கடத்தும் திறன் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை 640ஆல் பெருக்கினால் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று கிடைக்கும். மின் கடத்தும் திறன் 0.7 என்று வந்தால், பாசனத்துக்கு ஏற்ற நீர் என்றே சீட்டில் எழுதியிருப்பார்கள். கணக்குப் போட்டால் லிட்டருக்கு சுமார் 450 மில்லிகிராம் உப்பு. டிஸ்கஸ் குஞ்சு பொரிக்க வேண்டிய நீரில் அது 100 அளவில், அதாவது மின் கடத்தும் திறன் 0.15 அளவில் இருப்பது நல்லது. மக்காச்சோளத்துக்கு நல்ல நீர் என்ற சான்று இந்த மீனுக்குப் பொருந்தாது.

சீட்டில் பார்க்க வேண்டிய மற்றொன்று கார அமில நிலை. இனப்பெருக்கத் தொட்டிக்கு 6 முதல் 6.5 வரை ஏற்றது. வளர்ப்புத் தொட்டிக்கு 7.5 வரை போகலாம். கரிசல் நிலக் கிணறுகளில் 8ஐத் தொடும் நீர் சாதாரணம். மூன்றாவதாகக் கார்பனேட், பைகார்பனேட் அளவு. இவை மிகுந்த நீரில் எந்த அமிலத்தைச் சேர்த்தாலும் இரண்டு நாளில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலையைத் தொட்டியில் ஊறப்போடும் பழக்கம் கிழக்காசியப் பண்ணைகளில் உண்டு. இலையின் துவர்ப்புச் சத்து பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கிறது, மென்னீரில் அமிலத் தன்மையையும் சற்றுக் கூட்டுகிறது. கடின நீரில் நிறம் மட்டும் மாறும், உப்பு குறையாது. உப்பைக் குறைக்க இரண்டே வழிகள். ஒன்று மழை நீர், மற்றொன்று சவ்வு வடிகட்டி இயந்திரம்.

விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி நீர்ப் பரிசோதனை பற்றித் தெரிந்துகொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவில் பிடிக்கக் கூடாது. கோடையில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறையும் பார்ப்பது நல்லது. ஒரே கிணற்றில் இரண்டு பருவத்துக்கும் உள்ள வேறுபாடு சில சமயம் திகைக்க வைக்கும்.

கூரை நீர்க் கணக்கு

தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது 2003ஆம் ஆண்டை ஒட்டி. அந்தக் கூரை நீர்தான் டிஸ்கஸுக்கு மிகவும் மலிவான மென்னீர். 20 அடிக்கு 30 அடிக் கூரையில் ஆண்டில் 1000 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 55,000 லிட்டர் விழும். சேதாரம் போகச் சுமார் 44,000 லிட்டர் பிடிக்கலாம். பார்வைக்குப் பெரிய அளவுதான். ஆனால் டிஸ்கஸ் தொட்டியில் தினமும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி 255 லிட்டர் கொள்ளும். அப்படிப் பத்துத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 600 லிட்டருக்கு மேல் ஆகும். பிடித்த மழை நீர் இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிடும்.

ஆகவே மழை நீரை எல்லாத் தொட்டிக்கும் வாரி இறைக்கக் கூடாது, குஞ்சு பொரிக்கும் தொட்டிக்கு மட்டும் சேமிக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒன்றரை அடிச் சதுரத் தொட்டி போதும், சுமார் 95 லிட்டர். இரண்டு ஜோடிகளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர். 10,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று இருந்தால் 200 நாள் ஓடும். கிணற்று நீர் 450 என்றால் ஒரு பங்கு கிணற்று நீருக்கு நான்கு பங்கு மழை நீர் கலக்க 110க்குள் வந்துவிடும். தனி மழை நீரை மட்டும் ஊற்றுவதும் சரியல்ல. தாங்கும் சக்தி இல்லாத அந்த நீரில் அமில நிலை திடீரென்று சரிந்து மீன் மாண்டுபோகும். வளரும் மீன்களுக்குச் சரிபாதிக் கலப்பு போதுமானது.

புதுச் சிமெண்டுத் தொட்டியில் மழை நீரைப் பிடித்தால் சுவரின் சுண்ணாம்பு நீரில் இறங்கி, பிடித்த பயனே போய்விடும். சில வாரங்கள் நீர் நிரப்பி நிரப்பிக் கொட்டி, கார அமில நிலை நிலைப்பட்ட பின்பே சேமிக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை. முதல் மழையின் நீரை வெளியே விட்டுவிட வேண்டும். தூசிக்காக மட்டும் அல்ல. மக்காச்சோளத்தில் 2018 முதல் படைப்புழுத் தொல்லை வந்ததிலிருந்து மருந்து தெளிப்பு அதிகமாகியிருக்கிறது. வயலை ஒட்டிய வீட்டுக் கூரையில் அந்தத் துளிகள் படிகின்றன. சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறு அளவிலும் மீனைக் கொல்லும். தெளிப்பு நடக்கும் நேரத்தில் மீன் கொட்டகையின் காற்றுப் பம்பு வெளிக்காற்றை இழுத்தால் மருந்தைத் தொட்டிக்குள் ஊதுவது போலாகும். பம்பைக் கொட்டகைக்குள் உயரமான இடத்தில் வைத்து, பக்கத்து வயல்காரரிடம் தெளிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தெளிப்பானைத் தூக்கிய கையோடு தொட்டியில் கைவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பலர் மறக்கிறார்கள்.

சவ்வு வடிகட்டி இயந்திரம் வைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் உப்பு நீர் கழிவாக வெளியேறும். அதை ஒரே பாத்தியில் நாள்தோறும் விட்டால் கரிசல் மண் இறுகிக் கெட்டுப்போகும். மாறாக, தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் நீர் தழைச்சத்து கலந்தது. தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் தாராளமாக விடலாம். நோய்க்காக உப்புக் கலந்த நாளில் மட்டும் விடக் கூடாது.

யூரியா சொல்லும் பாடம்

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. கார மண்ணில் யூரியாவை மேலாகத் தூவினால் தழைச்சத்து ஆவியாகிப் போகிறதல்லவா? அதே வேதியியல்தான் தொட்டியிலும். நீர் நடுநிலையாக இருந்தால் அம்மோனியாவில் பெரும்பகுதி தீங்கற்ற வடிவில் இருக்கும். கார நிலை 7லிருந்து 8க்கு ஏறினால் நஞ்சான பகுதி ஒன்பது பத்து மடங்காகிவிடும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் மோசம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் தேவை. எனவே மங்களூர்க் கிணற்று நீரில் வளர்ப்பவர் மற்றவர்களைவிடத் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் இனத்தவைதான் தொட்டியின் வடிகட்டியிலும் வேலை செய்கின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே விலையுயர்ந்த மீனை விடுவது, உழாத நிலத்தில் நாற்று நடுவதைப் போன்றது. முதலில் இரண்டு மூன்று மலிவான மீன்களை விட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துபவர்கள் குளோரின் போக ஒரு நாள் காற்றோட்டத்தோடு வைத்திருந்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீனோடு அந்தப் பாக்டீரியாவும் சாகும்.

சீம்பால் போல் ஒரு சளி

இந்த மீனின் அதிசயம் குஞ்சு வளர்ப்பில் இருக்கிறது. முட்டை பொரிக்க இரண்டரை நாள், குஞ்சு நீந்த மேலும் இரண்டு மூன்று நாள். நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் எல்லாம் தாய் தந்தையின் உடலில் போய் ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் இரண்டின் தோலிலும் அப்போது ஊறும் சளிதான் அவற்றின் முதல் உணவு. ஒரு மீன் களைத்தால் உடலைச் சட்டென்று சிலிர்த்துக் குஞ்சுகளை இணையின் பக்கம் தள்ளிவிடும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முட்டையிட்ட பின் இந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுவதைக் கண்டார்கள். கன்றுக்குச் சீம்பால் எப்படியோ, குஞ்சுக்கு அப்படி. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பெற்றோர் மெல்லக் குஞ்சுகளை விட்டு விலகத் தொடங்குகின்றன.

இதனால் விளையும் சங்கடமும் உண்டு. முட்டையைத் தனியே எடுத்துப் பொரிக்க வைத்துப் பணம் பண்ணலாம் என்ற வழி இங்கே எளிதல்ல. பெற்றோர் பயந்தால் முட்டையையே தின்றுவிடும். கதவைப் படீரென்று சாத்துவது, இரவில் திடீரென்று விளக்குப் போடுவது, கறுப்புச் சட்டையோடு தொட்டிமேல் குனிவது, இவை போதும். ஐந்தாம் நாளிலிருந்து ஆர்ட்டிமியா எனும் உப்பள இறாலின் இளங்குஞ்சைத் தரத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சுகளைப் பிரிக்கலாம். ஆர்ட்டிமியா முட்டை டப்பாக்களில் கிடைக்கிறது. சாக்கடையில் பிடித்த டியூபிபெக்ஸ் புழு மலிவு என்று வாங்குவது, நோயை விலை கொடுத்து வாங்குவதாகும்.

ஆண், பெண் அடையாளம் சிறு வயதில் தெரியாது. இரண்டு மூன்று அங்குலக் குஞ்சுகளாக ஆறு முதல் எட்டு வாங்கிச் சேர்த்து வளர்த்தால் அவையே ஜோடி சேர்ந்துகொள்ளும். பருவமடைய ஓராண்டு அல்லது அதற்கு மேல் ஆகும். அதுவரை நாளைக்கு நான்கைந்து முறை தீனி. ஆக, குஞ்சு விற்றுப் பணம் கையில் வர ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்வதே விவேகம். மூன்று மாதத்தில் முதல் திரும்பும் என்று யாராவது சொன்னால், அவர் குஞ்சு விற்பவர் என்று புரிந்துகொள்ளலாம்.

விருத்தாசலத்தின் பங்கு

டிஸ்கஸ் செங்குத்தான பரப்பில் முட்டையிடும். ஆற்றில் அது மரக்கட்டை, இலை. பண்ணைகளில் சுட்ட மண் கூம்பு வைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு அங்குல உயரம், அடி அகன்று நுனி குறுகிய உருவம். விலை கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே இருக்கின்றன. கூம்பின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் வார்த்துத் தரக்கூடிய பட்டறையைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல. சொல்ல வேண்டியது ஒன்றுதான். மெருகு பூசாமல், நன்றாகச் சுட்டதாக வேண்டும். வண்ண மெருகில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். அமில நீரில் அவை கரைந்து இறங்கும். அரைகுறையாகச் சுட்ட மண்ணும் நீரில் கரைந்து கலங்கும். ஒரு கூம்பைச் சில நாட்கள் மழை நீரில் ஊறவிட்டு, நீரின் கார அமில நிலை ஏறுகிறதா என்று பார்த்த பிறகு மற்றதை வாங்கலாம்.

இதே பட்டறையில் நான்கு அங்குலத் தொட்டிச் சட்டிகளும் சில செய்துகொள்வது நல்லது. காரணம் செடி.

செடியும் டிஸ்கஸும் ஒத்துப்போகுமா?

செடி வைத்த தொட்டியில் டிஸ்கஸ் என்பதுதான் வாங்குபவரின் ஆசை. வளர்ப்பவருக்கு அது தலைவலி. அலங்காரச் செடிகளில் பெரும்பாலானவை 22 முதல் 26 டிகிரியில் செழிப்பவை. 30 டிகிரியில் அழுகும். அதிக வெளிச்சம் செடிக்கு வேண்டும், மீனுக்கு ஆகாது. செடி வளரக் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். வெப்ப நீரில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல் தங்காது. இரவில் செடியும் சுவாசிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

எனவே குஞ்சுகளை வளர்க்கும் தொட்டியில் மணலும் வேண்டாம், செடியும் வேண்டாம். வெறும் கண்ணாடித் தளம்தான் தீனி மிச்சத்தைத் துடைத்தெடுக்க வசதி. ஐந்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்த மீன்களை மட்டும் செடித் தொட்டிக்கு மாற்றலாம். பெரிய மீன் ஒன்றுக்கு 40 லிட்டர் என்ற கணக்கில் 255 லிட்டர்த் தொட்டிக்கு ஆறு மீன். கூட்டமாக வாழும் இனமாதலால் ஒன்றிரண்டாக வைத்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கிக் கறுத்துப்போகும்.

வெப்பம் தாங்கும் செடிகள் சில உண்டு. அனூபியாஸ், ஜாவா பெரணி இரண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது. மரக்கட்டையில் நூலால் கட்டிவிட வேண்டும். கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகும். அமேசான் வாள் இலைச் செடி பெயருக்கேற்ப டிஸ்கஸின் ஊர்க்காரச் செடிகளில் சேர்ந்தது. இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டிடியும் தாங்கும். வேர் விடும் இச்செடிகளைச் சுட்ட மண் சட்டியில் நட்டு, சட்டியோடு தொட்டியில் இறக்கினால் தளம் காலியாக இருக்கும். கழிவை உறிஞ்சி எடுக்கலாம். நோய் வந்தால் சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மருந்திடலாம். அழகு சற்றுக் குறையும். மீன் பிழைக்கும். வயலில் மிஞ்சிய யூரியாவையோ டி.ஏ.பி.யையோ ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் கூடவே கூடாது. மேலே சொன்ன அம்மோனியாக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடின நீர் உடையவருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. நாடா போன்ற நீண்ட இலை உடைய வாலிஸ்னேரியா, பைகார்பனேட்டையே உணவாக எடுத்துக்கொள்ளும் செடி. கரிசல் கிணற்று நீரில் நன்றாக வரும். ஓடுதண்டு விட்டுப் பரவும். நிழல்வலைக்கு அடியில் ஆழமற்ற தொட்டியில் இதை மட்டும் பயிராக வளர்த்து, கட்டுகளாக மீன் கடைகளுக்கு விற்கலாம். மீனுக்குக் காத்திருக்கும் ஒன்றரை ஆண்டில் கைச்செலவுக்கு ஆகும். ஏரியிலிருந்து செடி பறித்து வருபவர்கள் நத்தை முட்டை, மீன் பேன், தட்டான் புழு ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். படிகார நீரில் முக்கி அலசி, இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்து பிறகே சேர்க்க வேண்டும்.

வேண்டாத செடியையோ மீனையோ வாய்க்காலில் கொட்டக் கூடாது. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டி நீர்நிலையில் 2020இல் இளஞ்சிவப்புப் பூக்கள் மண்டியதை மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அது கபோம்பா எனும் மீன்தொட்டிச் செடியின் இனம். பூ அழகுதான், வாய்க்கால் அடைபட்டுப்போனது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் முள்ளோடு கூடிய சக்கர் மீன் தமிழ்நாட்டின் பல ஏரி குளங்களில் பெருகி வலைகளைக் கிழிக்கிறது. வெலிங்டன் ஏரிக்கு அந்தக் கதி வரவேண்டாம்.

எந்த வரிசையில் தொடங்குவது?

கையில் பணமும் அனுபவமும் இல்லாதவர் டிஸ்கஸில் தொடங்குவது சரியல்ல. கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டி போடும் மீன்களுக்குக் கடின நீர் தொல்லையே இல்லை. மோலிக்கு அது பிடிக்கவும் செய்யும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி, மூன்று நான்கு மாதத்தில் விற்பனை. தங்க மீனும் கோய் கெண்டையும் இந்நீரில் வரும். ஓராண்டு இவற்றை வளர்த்து, கடைக்காரர்களோடு பழக்கமான பின் ஏஞ்சல் மீனுக்குப் போகலாம். அது டிஸ்கஸின் உறவினம். அதுவும் செங்குத்துப் பரப்பில் முட்டையிடும். ஆனால் குஞ்சுக்குப் பெற்றோரின் சளி தேவையில்லை, நீரிலும் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஏஞ்சல் குஞ்சுகளைப் பிழைக்க வைத்தவருக்கு டிஸ்கஸ் பாதி கைவந்த மாதிரி. இரண்டையும் ஒரே தொட்டியில் விடுவதோ ஒரே வலையால் பிடிப்பதோ கூடாது. ஏஞ்சலைப் பாதிக்காமல் அதன் உடம்பில் தங்கும் ஒட்டுண்ணிகள் டிஸ்கஸைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து வாங்கிய எந்த மீனையும் நான்கு வாரம் தனியே வைத்துப் பார்ப்பது அவசியம்.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. மார்கழி இரவில் நூறு லிட்டருக்கு நூறு வாட் சூடேற்றி பாதி நேரம் எரிந்தாலும் நாளைக்கு ஒன்றே கால் யூனிட் வரை ஆகும். பத்துத் தொட்டிக்குத் தனித்தனியே எரிப்பதைவிட, இடைவெளி இல்லாத சிறு அறையில் தொட்டிகளை அடுக்கி அறையையே சூடாக வைப்பது சிக்கனம். சித்திரை வெயிலுக்குத் தகரக் கூரை ஆகாது, கீற்றுக் கூரை வேண்டும். தொழிலுக்கு எந்த வகை மின் இணைப்புப் பொருந்தும் என்பதை மின் வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்வெட்டு நேரத்துக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு கட்டாயம்.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்ச ரூபாய் செலவு மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், மகளிருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என வகுத்தார்கள். ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். இப்போது என்ன நிலை என்று கடலூரில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்ட பின்பே கடனுக்குக் கையெழுத்திட வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிகளையும் விசாரிக்கலாம்.

விற்பனைக்கு அனுப்பும் நாளில் கவனம் தேவை. மீனை ஒரு நாள் முழுவதும் பட்டினி போட்டால் பையில் நீர் கெடாது. டிஸ்கஸின் துடுப்பு முள் கூர்மையானது. ஒரு பையைக் குத்திவிடும். இரட்டைப் பை போட்டு, நடுவில் செய்தித்தாளை வைத்து, பெரிய மீனாக இருந்தால் பைக்கு ஒன்று வீதம் அடைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு பிராணவாயு. தை மாதக் குளிரில் தெர்மகோல் பெட்டி இல்லாமல் அனுப்பக் கூடாது. விருத்தாசலத்திலிருந்து இரவில் கிளம்பும் பெட்டி காலையில் சென்னையில் இறங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறாரா என்று முதல் நாள் மாலையே தொலைபேசியில் உறுதி செய்துகொண்ட பிறகே மீனைப் பிடிக்க வலையை எடுக்க வேண்டும்.